கொற்கைக் கரையின் சிப்பி மேடுகள்

கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் தின்று எறிந்த ஓடுகள் தலைமுறைக் கணக்கில் ஒரே இடத்தில் குவிந்து எழுந்த மேட்டையே தொல்லியலார் சிப்பி மேடு என்கிறார்கள். மட்டியிலும் சிப்பியிலும் கடல் நத்தையிலும் ஓடுதான் கனம், சதை கொஞ்சம். ஒரு குடும்பம் ஒரு வேளை வயிறாரத் தின்றாலே முற்றத்தில் ஒரு கூடை ஓடு சேர்ந்துவிடும். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு என்பதால், குவியலாகக் கிடக்கும்போது எளிதில் அழியாது. தன்னோடு கிடக்கும் மீன் முள்ளையும் எலும்பையும் மண்ணின் அமிலத்திலிருந்து காத்துக் கொடுக்கும். எழுத்தோ கட்டடமோ விட்டுச்செல்லாத மக்களின் அன்றாடச் சாப்பாடு இவ்வளவு முழுமையாக வேறெங்கும் தங்குவது அரிது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய மேடுகளைக் கடல் ஒதுக்கிய இயற்கைப் படிவுகள் என்றே நினைத்தார்கள். டென்மார்க்கில் 1848இல் விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், தொல்லியலாளர் வொர்சே, நிலவியலாளர் ஃபோர்க்ஹாமர் ஆகிய மூவரைக் கொண்டு அமைந்த குழுதான் அவற்றினுள் அடுப்புக் கரியையும் கல் கருவிகளையும் கண்டு, அவை மனிதரின் அடுக்களைக் குப்பை என்று நிறுவியது. ஜப்பானில் 1877இல் எட்வர்ட் மோர்ஸ், ஓடும் ரயிலிலிருந்து பார்த்து அடையாளம் கண்ட ஓமோரி மேடு அந்நாட்டின் தொல்லியலுக்கே தொடக்கமாயிற்று. பிரேசிலின் தென்கரையில் சாம்பாக்கி எனப்படும் மேடுகள் சில பனை உயரத்தையும் தாண்டுகின்றன. வங்கக் கடலில், அந்தமான் தீவுகளின் சிப்பி மேடுகளைப் பற்றி 1870இலேயே ஸ்டோலிக்ஸ்கா எழுதினார். அங்கே பிற்காலத்தில் நடந்த அகழாய்வுகளில் ஓடுகளுக்கு நடுவே பன்றி எலும்பும் பானை ஓடும் கிடைத்தன. சௌல்தாரி என்ற இடத்து மேடு ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையுடையது.

தூத்துக்குடிக் கரையில் டென்மார்க்கில் உள்ளதுபோன்ற பெரிய உணவுக் குப்பை மேடு பதிவாகவில்லை. ஆனால் சிப்பி கிடக்காத இடமும் இங்கே குறைவு. இந்தக் கரையின் சிப்பிகளை மூன்று வகையாகப் பிரித்தால்தான் அவற்றிலிருந்து வரலாறு கிடைக்கும். கடலே கொண்டுவந்து சேர்த்த படிவு ஒன்று. மனிதர் தின்று போட்டது இன்னொன்று. வளையலுக்காக அறுத்துப் போட்டதும் அழுக விட்டு முத்தெடுத்த பின் கொட்டியதுமான தொழில் கழிவு மூன்றாவது. மன்னார் வளைகுடாவுக்கு உலகச் சிப்பி மேடுகளிடையே தனி இடம் தருவது இந்த மூன்றாம் வகையே. இங்கே சிப்பி பசிக்காக மட்டும் கடலிலிருந்து ஏறவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அது சந்தைக்காகவும் ஏறியிருக்கிறது.

இந்த வகைகளைப் பிரித்தறியும் முறை மிக நுட்பமானதல்ல, பொறுமை வேண்டியது. கடல் சேர்த்த படிவில் குஞ்சும் முதிர்ந்ததுமாக எல்லா அளவு ஓடுகளும் கலந்திருக்கும். அலையில் உருண்டு விளிம்பு மழுங்கியிருக்கும். பவளத்துண்டும் கூழாங்கல்லும் உடன் கிடக்கும். சில ஓடுகள் இரு பாதியும் சேர்ந்தபடி, உயிரோடு புதைந்த நிலையிலேயே இருக்கும். மனிதர் தின்ற குவியலில் தின்னத் தக்க இனங்கள் மட்டுமே, பெரும்பாலும் ஒத்த அளவில், சாம்பலோடும் கரியோடும் கிடக்கும். தொழில் கழிவிலோ ஒரே இனத்தின் ஒரே உறுப்பு திரும்பத் திரும்ப வரும். காலத்தைக் கணிப்பதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. கடல் நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால், ஓட்டைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தினால் அது உண்மையான வயதைவிடச் சில நூறு ஆண்டு மூப்பாகக் காட்டும். அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகே ஆண்டைச் சொல்ல வேண்டும்.

கரை எங்கே இருந்தது என்று தெரியாமல் கரையோர மனிதரைத் தேட முடியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். இன்று முத்துச்சிப்பி விளையும் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் தட்டுகள், கரையிலிருந்து 12 முதல் 25 கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் 10 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. குடமுத்துப் பார் போன்ற பெயர்களால் மீனவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அறிவார்கள். அந்தத் தட்டுகள் அனைத்தும் அன்று காய்ந்த தரை. பனி உருகி நீர் ஏறியபோது அவை ஒவ்வொன்றாக மூழ்கின. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை எட்டி, அதற்கும் சற்று மேலே ஏறி நின்று, பிறகு கொஞ்சம் இறங்கியது. அதன் பின் தாமிரபரணி கொட்டிய வண்டலும் மணலும் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்தன.

இதனால் இக்கரையின் பழமை இரண்டு திசையில் சிதறிவிட்டது. மிகப் பழைய மீன்பிடி மக்கள் தங்கிய கரை கடலுக்கடியில் இருக்கிறது. அவர்களுக்குப் பின் வந்த, பாண்டியர் துறையான கொற்கையின் காலத்தவரின் கரை உள்நாட்டில், வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. இன்றைய கடற்கரையில் நின்று இரண்டையும் தேடுவது வீண்.

நீருக்கு மேலே தப்பிய மிகப் பழைய தடயம் தேரிகளில் உள்ளது. தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மேற்கிலும் சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம், குதிரைமொழி, புத்தன்தருவை என்று பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளே தேரி. காற்றுக் குவித்த பழைய மணல் மேல் இரும்புத் துரு படிந்து வந்த சிவப்பு அது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய வந்தபோது சாயர்புரத் தேரியில் சில்லுக் கற்கருவிகளைக் கண்டார். அவருடைய நிலவியல் அறிக்கை 1883இல் வெளியாயிற்று. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் தேரிக் களங்களைத் தொகுத்து ஆராய்ந்து, 1956இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை.

தேரிக் கருவிகள் நகக்கண் அளவு முதல் விரல் நீளம் வரையிலானவை. படிகக் கல்லிலும் செர்ட் எனும் மங்கிய நிற வழுவழுப்புக் கல்லிலும் செய்தவை. பிறை வடிவம், முக்கோணம், ஒரு பக்கம் மழுக்கிய அலகு, இரு முகமும் சீவிய கூர்முனை என்று வகைகள் பல. இவற்றைத் தனியாகக் கையில் பிடித்து வேலை செய்ய முடியாது. மரத்திலோ மூங்கிலிலோ பிசின் வைத்துப் பதித்து அம்பாகவும் ஈட்டியாகவும் கத்தியாகவும் பயன்படுத்தினார்கள். இரு முகமும் சீவிய கூர்முனைகளுக்கு மிக நெருங்கிய ஒப்புமை இலங்கையின் பண்டாரவளைக் கருவிகளில் இருக்கிறது. இடையில் கடல் புகுந்த பிறகும் இரு கரையிலும் ஒரே கைப்பழக்கம் நீடித்தது போலும்.

சாய்னரும் ஆல்சினும் பழைய கடல் மட்டத்தை அளவுகோலாக வைத்து, இந்த மக்களின் காலத்தைக் கி.மு. 4000ஐ ஒட்டியதாகக் கொண்டார்கள். மணல் மணிகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதை ஒளிர்வு முறையில் கணிக்கும் பிற்கால ஆய்வுகள், தேரி மணல் ஒரே காலத்தில் குவியவில்லை என்று காட்டின. சில அடுக்குகள் பத்தாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை, சில மிகவும் பிந்தியவை. ஆகவே கி.மு. 4000 என்பதைத் தேரி மக்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் ஆண்டாகச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடுவதே சரி.

அவர்கள் மீனவர்களா? மணல் மேடுகளுக்கு நடுவே, காயலும் தருவை எனும் ஆழமற்ற ஏரியும் அருகிருக்க, இன்றைய கரையோரக் குடிகளைப் போலவே மீனும் வேட்டையுமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்பது 1956 கட்டுரையின் கருத்து. தேரியில் மீன் முள்ளோ தின்ற சிப்பியோ குவியலாகக் கிடைக்கவில்லை என்பதை இதற்கு மறுப்பாகச் சிலர் சொல்வதுண்டு. அது வலுவான மறுப்பு அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழை நீர் வடிந்திறங்கும் செம்மணலில் சுண்ணாம்பு கரைந்து போய்விடும். கல் மட்டும் தங்கும். இடத்தேர்வே இங்கே வலுவான சான்று. கருவிகளுக்கு வேண்டிய கல் மணல் மேட்டில் கிடைக்காது, வெளியிலிருந்துதான் சுமந்து வர வேண்டும். குடிநீர் ஊற்றும் கடலும் காயலும் அருகே இல்லாவிட்டால் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு மணலில் குடியேற ஒருவருக்கும் காரணம் இருந்திருக்காது.

எதிர்க்கரை இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் மறு கரையில் மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில், வரலாற்றுக் காலத் துறைமுக நகருக்கு அடியில் சில்லுக் கருவிகளுடன் கூடிய ஓர் அடுக்கு வெளிப்பட்டது. அதன் காலம் கி.மு. 1800 அளவினது. இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பல்லேமலலவில் சரியான சிப்பி மேடே உண்டு. தின்ற ஓடுகளுக்குள்ளேயே இறந்தோரையும் புதைத்த மக்களின் மேடு அது. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள குகைகளிலும் கடற்சிப்பி மணிகள் கிடைத்திருப்பதால், சிப்பி அக்காலத்திலேயே கைமாறிச் சென்ற பொருள் என்பதும் தெரிகிறது.

தேரிக்குப் பின் இப்பகுதியின் கவனம் தாமிரபரணி ஆற்றங்கரைக்கு மாறுகிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும், 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையும் தோண்டிய தாழிக்காடு இரும்புக் காலத்து மக்களுடையது. அதே பகுதியிலுள்ள சிவகளையின் தாழி ஒன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. உழவும் இரும்பும் கைவந்த இந்த மக்களுக்குக் கடல் வாசல் வேண்டியிருந்தது. தாமிரபரணியின் பழைய முகத்தில் இருந்த கொற்கை அந்த வாசலாயிற்று.

கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். குளமும், பழைய வன்னி மரமும், பாண்டியர் நாணயச்சாலையை நினைவூட்டும் அக்கசாலை என்ற பெயருமே வெளிப்பார்வைக்கு மிஞ்சியவை. இந்த ஊர்தான் சங்கப் பாடல்களின் கொற்கை, கிரேக்கரின் கொல்கோய் என்று மண்ணைத் தோண்டிப் பார்த்து வாதிட்டவர் கால்டுவெல். தேரி சூழ்ந்த இடையன்குடியில் வாழ்ந்த அவர், கொற்கையிலும் பழையகாயலிலும் தாம் செய்த தேடல்களை 1877இல் வெளியிட்டார். கொற்கையில் சில அடி தோண்டியதுமே கடல் மணலும் சிப்பியும் சங்கும் வருவதைக் கண்டு, கடல் இந்த ஊரின் வாசல்வரை இருந்தது என்றும், ஆற்று வண்டல்தான் அதை விலக்கியது என்றும் அவர் முடிவு செய்தார். துறை கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது என்பதே அவர் வரைந்த சித்திரம். மொழி ஒப்பீட்டில் பெற்ற புகழ் கால்டுவெல்லின் இந்தப் பணியை மறைத்துவிட்டது. கரை நகரும் என்பதை அடிப்படையாக வைத்து இந்தப் பகுதியை அன்றே படித்தவர் அவர்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் இரா. நாகசாமி தலைமையில் கொற்கையில் அகழ்ந்தது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், செங்கல் கட்டுமானம், உறைகிணறு ஆகியவை கிடைத்தன. ஒரு கரித்துண்டின் கரிமக் கணிப்பு கி.மு. 785ஐக் காட்டியது. 2021இல் துறை மீண்டும் தோண்டியபோது, ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கில் பொருத்திய சுடுமண் குழாய் ஒன்று வெளிப்பட்டுப் பேச்சுக்குள்ளாயிற்று. சங்கு வளையல்களும் அறுத்த சங்குத் துண்டுகளும் அந்த அளவு பேசப்படவில்லை. ஆனால் கொற்கை மக்கள் எதைச் செய்து வாழ்ந்தார்கள் என்பதற்குக் குழாயைவிடச் சங்குத் துண்டே நேரடிச் சான்று.

சங்கின் கழிவை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். வளையல் அறுப்பவர் முதலில் சங்கின் உச்சியைத் தட்டி எடுப்பார், வாய்ப்புறத்து மெல்லிய விளிம்பை உடைப்பார், உள்ளே முறுக்கிச் செல்லும் நடுத்தண்டைச் சுத்தியலால் பெயர்ப்பார். எஞ்சிய கூட்டைப் பிறை வடிவ இரும்பு வாளால் குறுக்கே அறுத்தால் வட்டங்கள் வரும். ஒரு சங்கில் சில வளையலுக்கு மேல் தேறாது. மீதியெல்லாம் குப்பைக்குப் போகும். ஆகவே ஓர் ஊரில் உச்சியும் தண்டும் விளிம்பும் குவியலாகவும், வாள் ஓடிய நேர்கோடுகள் அவற்றின் மேல் தெளிவாகவும் இருந்தால், அங்கே பட்டறை இருந்தது உறுதி. வளையல் மட்டும் கிடைத்தால் அது வாங்கி அணிந்த ஊராகவும் இருக்கலாம். கொற்கையிலும் காயலிலும் இத்தகைய அறுப்புக் கழிவைக் கண்டு, வங்காளத்து டாக்கா நகரின் சங்கறுப்போரின் வேலையோடு ஒப்பிட்டவர் ஜேம்ஸ் ஹார்னெல். தூத்துக்குடியில் முத்து, சங்கு மீன்பிடிப்பின் கண்காணிப்பாளராக இருந்த அவர் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூல், கடல் உயிரியலையும் தொல்லியலையும் ஒரே கையில் பிடித்த அரிய வேலை.

சங்கு கைத்தொழில் தமிழகத்தில் தோன்றியதல்ல. சிந்துவெளி மக்கள் குஜராத், மக்ரான் கரைச் சங்கைக் கொண்டு நாகேஷ்வரிலும் பாலகோட்டிலும் வளையல் அறுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழில் இற்றுப்போகாமல் நீண்டது மன்னார் வளைகுடாவின் சங்கால். கீழடியிலும் வெம்பக்கோட்டையிலும் அழகன்குளத்திலும் கிடைக்கும் சங்கு வளையல்கள், கடலோரப் பரதவரை உள்நாட்டு ஊர்களோடு கட்டிய சரடு. மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தையும் சங்கையும் பேசுகிறது. அகநானூறு திமிலேறி வலம்புரிக்கு மூழ்கும் பரதவரைக் காட்டுகிறது. நெய்தல் திணை கழியும் தாழையும் பிரிவுத் துயரும் மட்டுமல்ல, கூலிக்கு மூச்சடக்கிய ஆட்களின் உலகமும் அதில் உண்டு.

முத்துச்சிப்பியின் கதை வேறு. சங்கு கனத்த ஓடு, நூற்றாண்டுகள் தாங்கும். முத்துச்சிப்பி மெல்லிய தட்டு. உள்ளே பளபளக்கும் பூச்சு ஏடு ஏடாக உரிந்து, சில தலைமுறைக்குள் மின்னும் தூளாகிவிடும். இவ்வளவு முத்து எடுத்த கரையில் பழைய சிப்பி மேடுகள் ஏன் மலைபோல் நிற்கவில்லை என்ற கேள்விக்கு விடையின் பாதி இதில் இருக்கிறது.

மறு பாதி தொழில் நடந்த விதத்தில் இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த நாளில் சிப்பியைக் கடலிலேயே திறப்பதில்லை. குளியாள் கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் பற்றி இறங்கி, ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, இடுப்புக் கூடையில் அள்ளி மேலே வருவார். மேலே தோணியில் நிற்பவர் கல்லையும் ஆளையும் இழுப்பார். மாலையில் கரை சேர்ந்ததும் சிப்பி ஆயிரக் கணக்கில் எண்ணி ஏலம் போகும். வாங்கியவர் அதைக் கொட்டு எனப்படும் வேலியடைப்புக்குள் குவித்து, ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுவார். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு, வள்ளத்தில் கடல் நீர் விட்டு அலசி, ஓட்டை எறிந்து, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து முத்துப் பொறுக்குவார்கள். நாற்றம் பல மைல் பரவும். வாந்திபேதி பரவிய காலங்களும் உண்டு. இந்த முகாம் எந்தப் பார் விளைந்ததோ அதற்கு எதிர்க் கரையில் சில வாரங்களுக்கு மட்டும் நிற்கும் கீற்றுப் பட்டணம். அடுத்த விளைச்சல் வேறு பாரில் என்றால் பட்டணமும் இடம் மாறும். அதனால் தூத்துக்குடிப் பக்கத்து ஓடுகள் கரை நெடுகச் சிதறின. ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப முத்துக்குளிப்பு நடந்த இலங்கைப் பக்கத்தில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில், ஓடுகள் மைல் கணக்கில் கரையாகவே மாறின. அங்கே 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் ஏறின. 

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் பயணநூலான பெரிப்ளூஸ், பாண்டியர்க்குரிய கொல்கோயில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளிக்க வைத்ததாகச் சொல்கிறது. சங்கப் பாடல்கள் காட்டும் பரதவர் தொழிலோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். அரசனின் பங்குக்குக் கைதியும், தன் பங்குக்குப் பரதவனும் இறங்கியிருந்தால் இரண்டும் பொருந்தும். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளில் தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, சக்கத்து என்று முத்துக்களைத் தரம் பிரித்து எண்ணுகின்றன. கடல் அடியில் அள்ளியதைக் கோயில் பண்டாரத்தில் எடைபோடும் வரை ஒரு முழுச் சொல்லுலகம் வளர்ந்திருந்தது. பிற்காலத்தில் துளை எண்ணிக்கையால் பெயர் பெற்ற, 20 முதல் 1000 வரையிலான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணி, குறுவல், தூள் என்று வகுத்து, மஞ்சாடியிலும் கழஞ்சிலும் நிறுத்தார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை நடக்கும் முத்துக்குளிப்பையும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் போவதையும் எழுதிவைத்தார். அவர் கண்ட காயல் துறையின் சான்றுகளாகச் சீன, அரபுப் பானை ஓடுகள் பழையகாயலைச் சுற்றி மைல் கணக்கில் சிதறிக் கிடப்பதைக் கால்டுவெல் பார்த்தார். கொற்கையின் சிப்பி அடுக்குக்கு மேலே வந்து படிந்த அடுத்த வரலாற்று அடுக்கு அது.

காயலும் மண் மேவியபின் துறை வடக்கே தூத்துக்குடிக்குச் சென்றது. 1530களில் பரதவர் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கரானார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தனர். 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று நிற்கும் பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது. கொடிகள் மாறிய போதெல்லாம் முத்துக்குளிப்பின் உரிமைக்கே சண்டை நடந்தது. குளிப்பவர் காலில் பற்றிய கல்லே வரிக்கு அளவாயிற்று. இத்தனை கல் இன்னாருக்கு வரியில்லாமல் என்ற கணக்கில் நாயக்கரும் சேதுபதியும் சாதித் தலைவரும் பங்கு பெற்றனர். குளித்தவரின் பங்கு இந்தக் கணக்குகளின் கடைசி வரியில்தான் வரும்.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் எட்கர் தர்ஸ்டன், அவருக்குப் பின் ஹெர்ட்மேன், ஹார்னெல் என்று இயற்கையியலாளர்கள் பார்களை ஆராயத் தொடங்கினார்கள். விளைச்சல் தவறுவதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல என்று அவர்கள் கண்டார்கள். மணல் மூடுவதும், திருக்கையும் நட்சத்திர மீனும் தின்பதும், நீரோட்டம் குஞ்சுகளை வேறு திசைக்கு இழுத்துச் செல்வதும் சேர்ந்தே ஒரு பாரைக் காலியாக்கின. தூத்துக்குடியில் 1926-28க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்தெடுத்தது. சங்கு குளிப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது.

எஞ்சியிருந்த சிப்பி அடுக்குகளுக்கு இந்தக் கரையில் பெரிய எதிரி காளவாசல். கல் கிடைக்காத மணல் நாட்டில் வீட்டுக்கும் கோயிலுக்கும் சுண்ணாம்பு சிப்பியையும் பவளத்தையும் சுட்டே கிடைத்தது. மேடாகக் கிடக்கும் ஓடு, அடுப்புக்காரருக்கு வெட்டிச் சேர்த்து வைத்த சரக்கு. தின்று போட்ட குவியலா, கடல் போட்ட குவியலா என்று அவர் பார்க்கத் தேவையில்லை. வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் பவளம் வெட்டி வெட்டியே நீருக்குள் போய்விட்டன. அவ்விரண்டும் உள்ளிட்ட 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. உப்பளப் பாத்திகளுக்காக மட்டமாக்கிய கரை நிலத்திலும், தேரியைச் சமன் செய்து பனையும் முருங்கையும் வைத்த இடங்களிலும் மேலடுக்கு கலைந்துபோயிற்று. கருவி தரையில் கிடக்கலாம், ஆனால் அது எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி போய்விட்டால் பாதி அறிவு போனது போலத்தான்.

தமிழ்நாடு அரசு 2021இல் கொற்கைக்கு எதிரே கடலடி ஆய்வு நடத்தும் திட்டத்தை அறிவித்தது. 2025இல் தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைக்குளத்தை ஒட்டிய பட்டினமருதூர் அகழாய்வுப் பட்டியலில் சேர்ந்தது. முதலாவது, பார்களுக்கு இடையே மூழ்கிய தாமிரபரணியின் பழைய தடத்தைத் தேட வேண்டியது. இரண்டாவது, உப்பளங்களுக்கு நடுவே இன்னும் கலையாத கரை மண்ணைத் தொடுவது. இரண்டிலும் கிடைக்கும் ஒவ்வொரு ஓட்டையும் இனம் பிரித்து, வெட்டுத்தடம் பார்த்து, அதன் அடுக்கோடு பதிந்து வைக்கும் வேலை, பொற்காசு தேடும் வேலையைவிட மெதுவானது. கடலோடிகளின் ஊர் எது, கடல் தானே ஒதுக்கிய மணல் எது என்று பிரிப்பது அந்தப் பதிவேட்டில்தான்.